ஒரு பிலாத்தூணு முன்னால ஒரு மணி நேரம்

வணக்கம் அண்ணா,

போன மாசம் வெளியூர்ல ஒரு ஆர்ட் மியூசியத்துல கலை, பண்பாடு, இயற்கைன்னு பொதுமக்களுக்கு ஒரு பேச்சு வச்சிருந்தாங்க, ஒன்பதாங்கிளாஸ் படிக்குற மகளையும் கூட்டிட்டு போனேன். ஏசி ஹால்ல லைட்ட அணச்சிட்டு ஒண்ணரை மணி நேரம் ஸ்லைடு. சிலை எல்லாம் பக்கத்து ரூம்லதான், அங்க யாரும் கூட்டிட்டு போகல. "இத யூடியூப்லயே பாத்திருக்கலாமேப்பா"ன்னுட்டா மக. இந்த பேச்சால பிரயோஜனம் உண்டா? நம்ம ஊர்ல நடத்துனா எப்படி நடத்தணும்?

ஒரு வாசகர், மார்த்தாண்டம்

தம்பி,

உங்க மக கேட்டது சரிதான். பொருள் பக்கத்து ரூம்ல இருக்கும்போது அதோட படத்த காட்டி பேசுறதுக்கு மியூசியம் எதுக்கு? ஆனா பேச்சே வேண்டாம்னு முடிவு பண்ணிராதீங்க. சோழர் கால வெண்கலம் ஒண்ணு முன்னால நின்னு ஒருத்தர் பேசி கேட்டிருக்கேன். தேன்மெழுகுல குங்கிலியம் கலந்து உருவம் பிடிச்சு, அதுமேல ஆத்து வண்டல் பூசி காயவச்சு, சூடு பண்ணி மெழுக வெளிய ஓடவிட்டு அந்த எடத்துல உலோகத்த ஊத்துவாங்கன்னு சொன்னார். தேனீ, மரத்துப் பிசின், ஆத்துமண்ணு, இது மூணும் இல்லாம அந்த சாமி இல்ல. இப்ப எந்த வெண்கலத்த பாத்தாலும் எனக்கு ஆத்துமண்ணு ஞாபகம் வந்துரும்.

நம்ம ஊருக்கு பத்மநாபபுரம் கொட்டாரம், அதாவது அரண்மனை, போதும். 1956ல நம்ம கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்தப்புறமும் அது கேரள தொல்லியல் துறை கைலதான் இருக்கு, அதனால பேச்சு தமிழ்லயும் மலையாளத்துலயும் கலந்தே இருக்கட்டும், நமக்கு ரெண்டும் புரியுமே. அங்க தாய்க்கொட்டாரத்துல ஒரு தூணு உண்டு, ஒரே பிலாத்தடில, அதாவது ஒரே பலா மரத்துல, செதுக்குனதுன்னு சொல்லுவாங்க, மேலெல்லாம் பூ வேலப்பாடு. பின்னால கூட்டம் நெருக்குறதால ரெண்டு நிமிசம் கூட நின்னு பாக்க முடியாது. அந்த ஒரு தூணு முன்னால ஒரு மணி நேரம் பேச்சு வைக்கணும், ப்ரொபசர் மட்டும் பேசுனா பத்தாது, மர வேல செய்யுற ஒரு ஆசாரியும் கூட நின்னு, உளி எந்தப் பக்கமா போச்சு, மரத்தோட ரேகை எங்க திரும்புதுன்னு கைய வச்சு காட்டணும். பிலாவ அறுத்த உடனே பாத்திருக்கீங்களா, நல்ல மஞ்சளா இருக்கும், வருசம் போகப்போக செவந்து கருத்துரும். அந்த மஞ்சள கொதிக்கவச்சு எடுத்துதான் புத்த பிக்குகளோட துணிக்கு சாயம் ஏத்துனாங்க. வீணை அந்த மரம், மிருதங்கம் அந்த மரம். கொட்டாரத்துலயே நவராத்திரி மண்டபம் இருக்கு, தூணுல ஆரம்பிச்ச பேச்ச அங்க கூட்டிட்டு போய் ஒரு வீணையோட முடிக்கலாம். கலை, பண்பாடு, இயற்கைன்னு தனித்தனியா தலைப்பு போட அவசியமே இல்ல, எல்லாம் நம்ம வீட்டு முத்தத்துல சக்கை (பலாப்பழம்) காய்ச்சு நிக்குற மரம்தானே. ரப்பர் போடுறதுக்காக அத வெட்டித்தள்ளுன தோட்டம் நம்ம பக்கம் எத்தன, அத நெனச்சா மனசு ஆறல தம்பி. அந்த தூணு முன்னால நின்னு இதையும் பேசணும்.

பேச்சு யாராவது வைக்கட்டும்னு காத்திருக்காதீங்க. திங்கக்கிழமை கொட்டாரம் லீவு, வேற நாள் காலைல தொறந்த உடனே போயிருங்க. போறதுக்கு முன்னால ஏதாவது தடிமில்லுல புதுசா அறுத்த பிலா துண்டு ஒண்ணு வாங்கி மக கைல குடுங்க. தூணையும் அந்த மஞ்சத் துண்டையும் அவ மாறிமாறி பாக்கட்டும், நீங்க ஒண்ணும் பேசாதீங்க. அவ என்ன கேட்டான்னு எனக்கு எழுதுங்க.