பத்துமணிப்பூ ஏன் அழுகுகிறது?

கேள்வி: அக்கா, வீட்டு முன்வாசலில் கல் அடுக்கி, இடையிடையே பத்துமணிப்பூ நட்டேன். நாள் முழுக்க வெயில் விழும் இடம். காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் மூன்றே வாரத்தில் அழுகிவிட்டது. வெயில் தாங்கும் செடி என்றுதானே விற்றார்கள்?
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: விற்றவர் சொன்னது சரிதான், சகோதரி. செடியைக் கொன்றது வெயில் இல்லை, தண்ணீர். இதற்குப் பூர்வீகம் தென் பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே பக்கம். பருப்புக்கீரைக்குச் சொந்தம். ஓர் இலையைக் கிள்ளி நசுக்குங்கள், விரல் நனைந்துவிடும். வேண்டிய நீரை இலையிலும் தண்டிலும் அதுவே சேர்த்து வைத்துக்கொள்கிறது.

செந்தூலில் என் வீட்டிலும் இதே கதைதான். மேலே கல் காய்ந்து சுட்டது. புரட்டிப் பார்த்தால், அடியில் களிமண் பிசைந்த மாவு மாதிரி. தண்டின் அடிப்பாகம் வெந்த கீரைபோல் நிறம் மாறி, தொட்டதும் தோல் கழன்று வந்தது. அன்று ரொம்ப வருத்தப்பட்டேன். கல்லுக்கு அடியில் ஈரம் சீக்கிரம் காயாது என்பது அப்போதுதான் புரிந்தது. நம் ஊர் மழைக்குக் கேட்கவே வேண்டாம்.

அதனால் முதலில் மண்ணை மாற்றுங்கள். பருமணல் இரண்டு பங்கு, தோட்டமண் ஒரு பங்கு, கூடவே உடைந்த செங்கல் துண்டுகள். அரை அடி உயரத்துக்கு மேடு கட்டி, அதன்மேல் கல்லைப் பதியுங்கள். பக்கத்தில் கடல் இருக்கிறதே என்று கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள், அதில் உப்பு இருக்கும்.

அழுகாத நுனி மிச்சமிருந்தால் விரல் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளை உருவிவிட்டு, ஒரு நாள் நிழலில் வையுங்கள். வெட்டுவாய் காய்ந்தபின் செருகினால் இரண்டு வாரத்துக்குள் வேர் பிடித்துவிடும்.

அப்புறம் தண்ணீர். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரியிலும் வாரம் இரண்டு முறை போதும். தழைச்சத்து உரம் அதிகம் போட்டால் இலைதான் வரும், பூ வராது. மேகமூட்டமான நாளில் பூ விரியாவிட்டால் பயப்படாதீர்கள், அதன் இயல்பே அப்படித்தான்.

தண்டு நீண்டு மொட்டையாகத் தெரிந்தால் பாதிக்கு வெட்டிவிடுங்கள், பக்கக் கிளை விட்டுப் படரும். வெட்டியதை எறியாமல் கற்களுக்கிடையே காலியாக இருக்கும் இடத்தில் செருகிவிடுங்கள்.