கலவைத் திருகில் கை வைக்கும் முன்: பழைய கார்களுக்கான கேள்வி பதில், சுங்கை சிப்புட்

கேள்வி: ஐயா, என் டட்சன் 120ஒய் கார் சமிக்ஞை விளக்கில் நின்றால் குலுங்கி அணைந்துவிடுகிறது. கார்புரேட்டரில் காற்றோடு சேரும் பெட்ரோலின் அளவை மாற்றும் கலவைத் திருகை எத்தனை சுற்று திறக்க வேண்டும்?

பதில்: திருகைத் தொடுமுன் வால்வு இடைவெளி, பிளக்கில் தீப்பொறி எழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயிண்ட், பிளக், வெடித்துக் காற்று இழுக்கும் ரப்பர் குழாய்கள் ஆகியவற்றைப் பாருங்கள். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் தினமும் ஓடும் காரென்றால் காற்று வடிகட்டியையும் கழற்றித் தட்டிப் பாருங்கள். என் பட்டறைக்கு வரும் பல கார்களில் குற்றம் அங்கேதான் இருக்கிறது. இவை சரியான பின், இன்ஜின் நன்றாகச் சூடேறி, சோக் (குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் தகடு) முழுதும் திறந்து, வடிகட்டி அதன் இடத்தில் இருக்கும் நிலையில்தான் வேலையைத் தொடங்க வேண்டும். இன்ஜினை நிறுத்தி, திருகை மெதுவாக உள்ளே ஓட்டி, அது தட்டியதும் நிறுத்துங்கள். இறுக்கினால் ஊசிமுனை தேய்ந்து, பிறகு எந்தச் சரிசெய்தலும் நிற்காது. அங்கிருந்து ஏறத்தாழ இரண்டு சுற்று வெளியே எடுத்து இன்ஜினை ஓட விடுங்கள். இன்ஜின் தடுமாறும் வரை உள்ளே திருப்பி, பிறகு கால் சுற்றாக வெளியே எடுத்து, ஒவ்வொரு முறையும் சற்றுப் பொறுத்து, அது மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தைக் காதால் கண்டுபிடியுங்கள். வேகம் கூடியிருந்தால் ஓட்ட வேகத்தை மாற்றும் திராட்டில் திருகால் நிமிடத்துக்கு 700 முதல் 800 சுற்றுக்கு இறக்கி, கலவையை மறுபடியும் பாருங்கள்.

கேள்வி: பழைய புரோட்டோன் சாகாவில் திருகை எப்படித் திருப்பினாலும் மாற்றமே இல்லையே?

பதில்: அப்படியானால் ஐட்லிங் (கார் நிற்கையில் இன்ஜின் மெதுவாக ஓடுவது) வழியில் பெட்ரோல் வராமல் இருக்கலாம். அந்த வழியில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான ஐட்லிங் ஜெட் அடைத்திருக்கலாம். அல்லது பெட்ரோலை நிறுத்தும் மின்காந்த அடைப்பான சோலனாய்டுக்கு மின்சாரம் போகாமல் இருக்கலாம். சாவியைப் போட்டதும் அது ‘டிக்’ என்று ஒலிக்க வேண்டும்.

கேள்வி: திருகை உள்ளே தள்ளினால் நெடுஞ்சாலையில் பெட்ரோல் மிச்சமாகுமா?

பதில்: ஆகாது. அந்த வேகத்தில் பெட்ரோலைத் தருவது பிரதான ஜெட். திருகை உள்ளே தள்ளினால் கலவையில் பெட்ரோல் குறைந்து ஐட்லிங்தான் கெடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது புகைக்குழாயில் வெடிச் சத்தமும் கேட்கும்.

கேள்வி: அப்பாவின் மோரிஸ் மைனருக்கும் இதே முறைதானா?

பதில்: இல்லை. அதிலுள்ள எஸ்யூ கார்புரேட்டரில் ஒரே ஜெட் எல்லா வேகத்துக்கும் பெட்ரோல் தருகிறது. அதன் அடியிலுள்ள நட்டைத் திருப்பினால் ஓட்டம் முழுவதும் மாறும். ஆகவே ஒரு முறைக்கு நட்டின் ஒரு முகம் அளவு மட்டும் திருப்புங்கள். பிறகு இன்ஜின் ஓடும்போதே கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள்: வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், இன்ஜின் அணையப் போனால் குறைவு, நொடிப்பொழுது ஏறித் தணிந்தால் கலவை சரி.