முதலில் தாத்தா, அப்புறம் கேமரா

ஒலி, படம், எழுத்து, வரைபடம் எல்லாவற்றையும் கோத்து ஆவணக் கதை செய்வது பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. இந்த முறை அவற்றில் நான்கு.

கேள்வி: என் தாத்தாவுக்கு 86 வயது. சிங்கப்பூரின் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அவர் குரலையும் வீட்டிலிருக்கும் பழைய படங்களையும் வைத்து ஒரு கதை செய்ய ஆசை. கையில் 600 வெள்ளி இருக்கிறது. எந்தக் கேமரா வாங்கலாம்?
— வாசகி, ஈசூன்

கேமரா வாங்காதீர்கள். கைப்பேசி போதும். சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்றும் காதை முழுதாக மூடுகிற ஹெட்ஃபோன் ஒன்றும் வாங்குங்கள், மிச்சப் பணத்தில் தாத்தாவுக்கு மீன்தலைக் கறி வாங்கிக் கொடுங்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் ஆடினாலும் பார்க்கிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு புரியவில்லை என்றால் பத்து விநாடிகூட உட்கார மாட்டார்கள்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் கீழே இருக்கட்டும், துணி உரசாமல். பதிவுச் செயலியில் வாவ் (WAV) கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துவிட்டால் பின்னால் வீடியோவோடு சேர்க்கும்போது தலைவலி குறையும். கைப்பேசி ஏர்பிளேன் மோடில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாத்தா அழப்போகிற நேரத்தில் சித்தி கூப்பிடுவார்.

நம் அடுக்குமாடி வீடுகளில் பெரிய எதிரி சத்தம்தான். தரையெல்லாம் டைல்ஸ், குரல் எதிரொலிக்கும். அதனால் ஹாலை விட்டுவிட்டு மெத்தையும் திரைச்சீலையும் இருக்கிற படுக்கையறைக்குப் போங்கள். கட்டடத்தின் கீழ்த்தளத் திறந்தவெளியான வாய்ட் டெக்கில் கல்யாணம் நடக்கிற வார இறுதி வேண்டாம், விடியற்காலையும் வேண்டாம், ஏனென்றால் நம் ஊர்க் குயில் கவிதையில் வருகிற குயில் மாதிரி கூவாது, கத்தும். நான் எடுத்த முதல் பேட்டியில் ஒரு மணி நேரமும் தலைக்கு மேல் மின்விசிறி ஓடியிருக்கிறது, ஹெட்ஃபோன் போடாததால் வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. சரி, மறுபடி போய்க் கேட்போம் என்று போனேன். அந்தப் பெரியவர் அதே கதையைச் சொன்னார், ஆனால் முதல் தடவை குரலில் இருந்த சூடு இல்லை. அதனால் விசிறியை நிறுத்துங்கள், கால் மணிக்கு ஒரு தடவை ஓடவிட்டு அவருக்குத் தண்ணீர் கொடுங்கள். முடிந்ததும் யாரும் வாய் திறக்காமல் அரை நிமிடம் அந்த அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். பேச்சை வெட்டி ஒட்டுகிற இடங்களில் அதைத்தான் அடியில் போடுவோம்.

கேள்விகளுக்கு வருவோம். "வேலை எப்படித் தாத்தா இருந்தது?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருந்துச்சு", அவ்வளவுதான் வரும். "காலையில கேட்டுக்குள்ள நுழையும்போது கையில என்ன வச்சிருப்பீங்க?" என்று கேளுங்கள், சாப்பாட்டுத் தூக்கில் ஆரம்பித்துச் சைக்கிள் வரைக்கும் எல்லாம் வெளியே வரும். 1968 ஜனவரியில் பிரிட்டிஷார் 1971-க்குள் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தார்கள். அதே 1968 டிசம்பரிலேயே கடற்படையின் கப்பல் பட்டறை பெயரளவுக்கு ஒரு வெள்ளி விலையில் சிங்கப்பூர் கைக்கு வந்து செம்பவாங் ஷிப்யார்ட் ஆனது. தாத்தாவுக்கு அப்போது முப்பதை ஒட்டிய வயது இருந்திருக்கும். அந்தச் செய்தி வந்த அன்று ராத்திரி வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாதீர்கள், அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். நான் வெட்டித் தொகுத்த பேட்டிகளில் நல்ல வரிகள் முக்கால்வாசி அப்படி ஒரு நீண்ட மௌனத்துக்குப் பின்னால் வந்தவை.

எப்படிக் காத்திருப்பது என்று பழக, தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆர்க்கைவ்ஸ் ஆன்லைன் தளத்தில் வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகளைக் கேளுங்கள். 1979-இல் தொடங்கிய வேலை அது, தமிழில் எடுத்த பேட்டிகளும் உண்டு. சிலவற்றை வீட்டிலிருந்தே கேட்கலாம், சிலவற்றுக்கு அனுமதி வாங்க வேண்டும். அங்கே கிடைக்கும் படத்தை உங்கள் கதையில் போடுவதற்கு முன் ஒவ்வொரு படத்துக்கும் உரிய நிபந்தனையைத் தனித்தனியாகப் பாருங்கள்.

கேள்வி: நிரல் எழுதத் தெரியாது. எழுத்து, படம், ஒலி, வரைபடம் எல்லாம் ஒரே பக்கத்தில் வருகிற மாதிரி செய்ய எந்த மென்பொருள் நல்லது?
— வாசகர், பொங்கோல்

முதல் மென்பொருள் கத்தரிக்கோல். கேலி செய்யவில்லை. பேட்டியை எழுத்தாக்கி, தாளில் அச்சடித்து, துண்டு துண்டாக வெட்டித் தரையில் பரப்புங்கள். ஒரு மணி நேரப் பேச்சில் ஐந்து நிமிடம் தேறினால் அதிகம், எந்த ஐந்து நிமிடம் என்று தரையில்தான் தெரியும். எழுத்தாக்க, ஓப்பன்ஏஐ 2022-இல் வெளியிட்ட விஸ்பர் உதவும், அதற்குத் தமிழும் தெரியும். ஆனால் 'பாசார்', 'மக்கான்' என்று மலாய் கலந்து பேசும் நம் பெரியவர்களிடம் தடுமாறும், நீங்கள் உட்கார்ந்து திருத்தியே ஆக வேண்டும்.

அப்புறம் கருவிகள். ஒலி வெட்ட அடாசிட்டி, வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. வலைப்பக்கத்தில் பதிக்க அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து நைட் லேப் சில கருவிகளை இலவசமாகத் தருகிறது. இடம் இடமாக நகரும் கதைக்கு ஸ்டோரிமேப், ஒரே இடத்தின் இரண்டு படங்களை இழுத்து ஒப்பிட ஜக்ஸ்டபோஸ். 2011 ஜூன் 30-உடன் ரயில் நின்றுபோன தஞ்சோங் பகார் நிலையத்தின் அன்றைய படமும் இன்றைய படமும் உங்களிடம் இருந்தால் ஜக்ஸ்டபோஸ் பிரமாதம். ஆண்டு வரிசையில் சொல்ல டைம்லைனும் உண்டு, ஆனால் அதை ஆளாளுக்குப் போட்டு அலுத்துவிட்டது.

2012-இல் நியூயார்க் டைம்ஸ் 'ஸ்னோ ஃபால்' என்ற பனிச்சரிவுக் கதையை வெளியிட்டதும் உலகமே திரையில் எதையாவது அசைத்துக்கொண்டே இருக்க ஆரம்பித்தது. அடுத்த ஆண்டு அது புலிட்சர் பரிசு வாங்கியது சிறப்புக் கட்டுரை எழுத்துக்கான பிரிவில். முதலில் எழுத்து, அசைவதெல்லாம் அப்புறம்தான்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள்: மூலக் கோப்புகளை மூன்று பிரதியாக வையுங்கள், ஒன்று வேறு வீட்டில். ஒரு காலத்தில் பார்ப்பவர் தொட்டு நகர்த்தும் ஊடாடும் கதை என்றாலே ஃப்ளாஷ் என்ற மென்பொருள்தான், 2020 டிசம்பரோடு அதன் ஆதரவு நின்றது. எனக்கே ஓர் இணையச் சேவை, பெயர் வேண்டாம், மூடியபோது ஒரு முழுக் கதை போய்விட்டது. ஒலிக்கோப்பு தனியாக என்னிடம் இருந்ததால் அந்த அம்மாவின் குரல் தப்பித்தது.

கேள்வி: வீடியோ தொகுக்கும் பிரீமியர் புரோவில் தமிழ் வசன வரி போட்டால் கொம்பு ஓர் இடம், எழுத்து ஓர் இடம் என்று சிதறுகிறதே?
— வாசகர், கிளமெண்டி

அமைப்புகளில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய், எழுத்து எஞ்சினைத் தெற்காசிய, மத்தியக் கிழக்கு மொழிகளுக்கு உரியதாக மாற்றுங்கள். எழுத்துரு யூனிகோடாக இருக்கட்டும், நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம். இரண்டு வரிக்கு மேல் போகாதீர்கள், நம் சொற்கள் நீளமானவை.

கேள்வி: அத்தை மனம் விட்டுப் பேசினார், பதிவும் செய்தேன். இப்போது மாமியார் வீட்டைப் பற்றிச் சொன்னதை எடுத்துவிடு என்கிறார். கதையின் உயிரே அந்தப் பகுதிதான்!
— வாசகி, பிடோக்

எடுத்துவிடுங்கள். அதற்கு முன் ஒரு முயற்சி: தொகுத்த கதையை முழுதாக அவருக்குப் போட்டுக் காட்டுங்கள், தனியாக, வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில். பல சமயம் உறுத்துவது ஒரே ஒரு பெயராகத்தான் இருக்கும், அதை மட்டும் வெட்டினால் சம்மதித்துவிடுவார்கள். அப்படியும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், வருகிற தீபாவளிக்கும் நீங்கள் அந்த வீட்டுக்குத்தான் போயாக வேண்டும்.