வாசகர் கேள்வி பதில்: வெளிநாட்டு வகுப்பறையோடு கைகோர்க்க

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் 12 வருடமாக ஆங்கிலம் எடுக்கிறேன். அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் கல்விப் பரிமாற்றத் திட்டத்தில் பள்ளி ஆசிரியர்களையும் அமெரிக்காவுக்கு அழைக்கிறார்களாமே? நான் தமிழ் வழியில் படித்தவள், ஆங்கிலம் பேசும்போது கொஞ்சம் தடுமாறும். விண்ணப்பிக்கலாமா? கைக்காசு எவ்வளவு ஆகும்?
- ஓர் ஆசிரியை, மணப்பாறை

பதில்: தாராளமாக விண்ணப்பியுங்கள் டீச்சர். உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கென்றே அதில் 'டீச்சிங் எக்ஸலன்ஸ் அண்ட் அச்சீவ்மென்ட்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஆறு வாரம் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பயிற்சி, அந்த ஆறு வாரத்துக்குள்ளேயே பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குப் போய் அங்கிருக்கும் ஆசிரியரோடு சேர்ந்து வகுப்பும் எடுக்க வேண்டும். விசா, விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் திட்டமே பார்த்துக்கொள்ளும். இந்தியாவில் இதைக் கவனிப்பது யு.எஸ்.ஐ.இ.எஃப். என்ற அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளை, சென்னையிலும் அதற்கு அலுவலகம் உண்டு. விதிமுறையும் கடைசித் தேதியும் வருடத்துக்கு வருடம் மாறலாம், அதனால் போன வருடம் போய் வந்தவர் சொன்னதை மட்டும் நம்பாமல் அந்தந்த வருட அறிவிப்பைப் படித்துவிடுங்கள்.

ஆங்கிலத் தேர்வு உண்டு. ஆனால் நம் ஆசிரியர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் அதில் இல்லை, கட்டுரையில்தான். "நான் அர்ப்பணிப்போடு பணியாற்றுகிறேன்" என்று இரண்டு பக்கம் எழுதினால் படிப்பவருக்கு உங்கள் வகுப்பைப் பற்றி ஒன்றுமே தெரியாது. உங்கள் ஊர் மாட்டுச்சந்தையையே எடுத்துக்கொள்ளுங்களேன். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் இல்லையா, அதை வாய்விட்டு ஆங்கிலத்தில் பேசச் சொல்லி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை நடிக்கவைத்து, கடைசி பெஞ்சில் வாயே திறக்காத பையன் அன்றைக்கு மாட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்லி விலையைக் குறைத்தான் என்று எழுதினால் அது வேறு கதை. நடந்ததை எழுதுங்கள், நடக்காததை எழுதாதீர்கள், நேர்காணலில் துருவித் துருவிக் கேட்பார்கள். அப்புறம், பாஸ்போர்ட் இல்லையென்றால் இப்போதே துறையில் தடையின்மைச் சான்றுக்கு எழுதிப்போடுங்கள். தேர்வான பிறகு அந்தக் காகிதத்துக்காக மேசை மேசையாக அலைவது பெரிய வேதனை.

கேள்வி: 'சர்வதேச நல்லாசிரியர்' விருதுக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாக வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பாங்காக்கில் விழாவாம், பதிவுக் கட்டணம் 18,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
- ஓர் ஆசிரியர், திண்டிவனம்

பதில்: கட்டாதீர்கள். உங்கள் வகுப்பை ஒருநாள்கூடப் பார்க்காதவர், ஒரு விண்ணப்பம்கூட வாங்காதவர் எதை வைத்து உங்களைத் தேர்ந்தெடுத்தார்? தமிழக அரசு 2024 அக்டோபரில் 'கனவு ஆசிரியர்' விருது பெற்றவர்களைப் பிரான்சுக்கு அழைத்துப்போனது. அதற்கு அவர்கள் போட்டியில் கலந்துகொண்டு தேர்வானார்கள், காசு கட்டி வாங்கவில்லை. அந்த 18,000 ரூபாயில் வகுப்புக்கு ஒரு நல்ல நூலக அலமாரியே வாங்கலாம்.

கேள்வி: எனக்கு வயது 32, நடுநிலைப் பள்ளியில் ஆறு வருடமாக அறிவியல் எடுக்கிறேன். ஜப்பான் அரசின் உதவித்தொகை எனக்குக் கிடைக்குமா?
- ஓர் ஆசிரியர், விருதாச்சலம்

பதில்: ஜப்பான் கல்வி அமைச்சகத்தின் 'டீச்சர் ட்ரெயினிங்' உதவித்தொகையைத்தானே கேட்கிறீர்கள்? 35 வயதுக்குள் இருக்க வேண்டும், ஐந்து வருட அனுபவம் வேண்டும், இரண்டும் உங்களிடம் இருக்கிறது. ஜப்பானியத் தூதரகம் வழியாக விண்ணப்பம். மொழிப் பயிற்சியையும் சேர்த்து ஏறக்குறைய ஒன்றரை வருடம். அவ்வளவு நாள் விடுப்பு கிடைக்குமா, வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை முதலில் பேசி முடியுங்கள். வயது வரம்பு யாருக்காகவும் காத்திருக்காது, அடுத்த அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊராட்சிப் பள்ளியில் ஒரே ஒரு கணினி, இணையம் வந்தால் வரும். வெளிநாட்டுப் பள்ளியோடு சேர்ந்து ஏதாவது செய்ய பிள்ளைகளுக்கு ஆசை. இதெல்லாம் பெரிய பள்ளிகளுக்குத்தானா?
- ஒரு தலைமை ஆசிரியர், கமுதி

பதில்: இல்லை சார், உங்களுக்கும்தான். ஐ-ஏர்ன் என்ற அமைப்பு 1988-இல் மாஸ்கோ பள்ளிகளையும் நியூயார்க் மாநிலப் பள்ளிகளையும் இணைத்துத் தொடங்கியது. பனிப்போர் முடியாத காலம் அது. இன்றைக்கு அதில் இந்தியப் பள்ளிகளும் சேரலாம். 'லேர்னிங் சர்க்கிள்' என்று வெவ்வேறு நாட்டு வகுப்புகளை ஆறு முதல் எட்டு வரை ஒரு குழுவாகச் சேர்த்து, சில மாதம் ஒரே தலைப்பில் வேலை செய்யவைப்பார்கள். முகத்தைப் பார்த்துப் பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பிள்ளைகள் எழுதியதை வாரம் ஒருமுறை நீங்கள் அனுப்பினால் போதும். நேரடியாகப் பேச ஆசை என்றால் ஜப்பான் மாதிரி நாடு வசதி. நமக்குக் காலை 9.30 என்றால் அங்கே பகல் 1 மணி. அமெரிக்காவோடு அது நடக்காது, நம் பிள்ளைகள் பள்ளிக்கு வரும்போது அங்கே இரவு.

தலைப்பு எளிமையாக இருக்கட்டும். நான் வேலையில் இருந்தபோது மதிய உணவை எடுத்துக்கொண்டோம். ஜப்பானிலிருந்து ஒரு பெட்டி வந்தது. அதிலிருந்த படங்களில் பிள்ளைகள் வெள்ளைத் தொப்பியும் ஏப்ரனும் போட்டுக்கொண்டு, வகுப்பில் இருக்கும் மற்றவர்களுக்குத் தாங்களே சாப்பாடு பரிமாறுகிறார்கள். எங்கள் ஏழாம் வகுப்பு வாயடைத்துப் போயிற்று. அங்கே 1889-இல் சுருவோகா ஊரில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி உணவையும், நம் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் 1920-இல் தியாகராய செட்டியார் காலத்தில் வந்த மதிய உணவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒரு சார்ட் ஒட்டினோம். பதிலுக்கு எங்கள் பிள்ளைகள் சத்துணவுத் தட்டை வரைந்து அனுப்பினார்கள். முட்டையின் மஞ்சள் கருவைத் தொட்டால் விரலில் ஒட்டும் அளவுக்குக் கிரயானை அழுத்தித் தேய்த்திருந்தாள் ஒருத்தி. மறுவாரமே சாப்பாட்டு வரிசையில் யார் பரிமாறுவது என்று பிள்ளைகளே முறை போட்டுக்கொண்டார்கள்.

இரண்டே எச்சரிக்கை. பிள்ளைகளின் படத்தை அனுப்புவதற்கு முன்னால் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள், முழுப் பெயரும் வீட்டு முகவரியும் போக வேண்டாம். பார்சலில் புளியங்கொட்டை, குன்றிமணி என்று எந்த விதையும் வைக்காதீர்கள், பல நாடுகளில் சுங்கத்திலேயே நிறுத்திவிடுவார்கள். கோலப் புள்ளித்தாள் வைக்கலாம். புள்ளி மட்டும் வைத்து அனுப்புங்கள், அங்கிருக்கும் பிள்ளைகள் கோடு போட்டுத் திருப்பி அனுப்பட்டும்.