38 ஸ்பெஷல் ரிவால்வரில் குண்டு பக்கவாட்டாகத் திரும்பிக் குறியில் பட்டால் பேரலை மாற்ற வேண்டுமா?

பேரலை மாற்ற வேண்டாம். 25 கெஜத்தில் தாளில் சாவித்துளை போல் நீளத் துளை விழுவதற்கு உங்கள் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 18¾ அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற புரி (குண்டைச் சுழல வைத்து நேராகப் பறக்கச் செய்யும் பேரலின் உட்பள்ளங்கள்) காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

கணக்கைப் பாருங்கள். குண்டு எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றினால் போதும் என்பதற்கு ஆங்கிலேயக் கணிதவியலாளர் கிரீன்ஹில் 1879-இல் தந்த சூத்திரப்படி, 150-ஐக் குண்டின் விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி, நீளத்தால் வகுக்க வேண்டும். உங்கள் 158 கிரெயின் எடையுள்ள ஈயக் குண்டின் விட்டம் 0.358 அங்குலம், நீளம் ஏறக்குறைய முக்கால் அங்குலம். விடை சுமார் 25½ வருகிறது. அதாவது 25 அங்குலத்துக்கு ஒரு சுற்றே போதும். உங்களிடம் அதைவிட வேகமான புரி, அதாவது குறைந்த தூரத்திலேயே ஒரு சுற்று சுற்ற வைக்கும் புரி இருக்கிறது. கோல்ட் கம்பெனித் துப்பாக்கியின் 14 அங்குலப் புரி இன்னும் வேகம், ஆனால் இந்தக் குண்டுக்கு அது தேவையே இல்லை.

எனக்குச் சந்தேகம் குண்டின் பருமன் மீதுதான். குண்டு மெலிந்திருந்தால் புரியைப் பிடிக்காமல் வழுக்கும், பேரலில் ஈயமும் ஒட்டும்.

1. துப்பாக்கி காலியா என்று இருமுறை பாருங்கள். பிறகு தனிக் குண்டு ஒன்றைச் சிலிண்டர் அறையின் முன்வாயில் வைத்து விரலால் தள்ளுங்கள். லேசாக அழுத்தினால் போக வேண்டும். தானாக விழுந்தால் குண்டு சிறிது.
2. பேரலின் பின்வாயில் ஈயப் படிவு தெரிகிறதா? முழுதும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி சுடுங்கள்.

ஒன்று மட்டும்: 200 கிரெயின் நீளக் குண்டை மெதுவான வேகத்தில் சுடுகிறீர்கள் என்றால் கதை வேறு. அங்கே இந்தப் புரி போதுமா போதாதா என்ற விளிம்பில்தான் நிற்கும்.