மார்ச் 31 மட்டும் ஏன் டிஃபால்ட் பார்ட்டிஷனில் விழுகிறது?

வணக்கம். போஸ்ட்கிரெஸ்கியூஎல் (PostgreSQL) தரவுத்தளத்தில் மாதவாரியாகப் பிரித்த விற்பனை அட்டவணையில் மார்ச் 31ஆம் தேதிப் பதிவுகள் மட்டும் டிஃபால்ட் பார்ட்டிஷனில் (வேறு எந்தப் பிரிவிலும் அடங்காத பதிவுகள் சேரும் பிரிவில்) கிடப்பதாக எழுதியிருந்தீர்கள். மார்ச் பார்ட்டிஷனை உருவாக்க நீங்கள் தந்த கட்டளையில் மேல் எல்லை '2024-03-31' என்றிருக்கிறது. இப்படி இரண்டு எல்லைகள் தந்து பிரிக்கும் ரேஞ்ச் பார்ட்டிஷனில் கீழ் எல்லை சேரும், மேல் எல்லை சேராது என்பதால், அங்கே '2024-04-01' என்றே இருந்திருக்க வேண்டும். நானும் ஒருமுறை இதே இடத்தில் சறுக்கியவன்தான்.

எல்லையை நேரடியாகத் திருத்த வழியில்லை. ஆகவே பேக்கப் எடுத்துக்கொண்டு, (எல்லாம் நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது என்ற) ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் மார்ச் பார்ட்டிஷனை டிடாச் செய்து (அட்டவணையிலிருந்து கழற்றி), 31ஆம் தேதிப் பதிவுகளை அதில் இன்சர்ட் செய்து, டிஃபால்ட்டிலிருந்து அவற்றை நீக்கியபின், சரியான எல்லையுடன் மீண்டும் அட்டாச் செய்யுங்கள் (இணையுங்கள்). அவற்றை டிஃபால்ட்டிலேயே விட்டுவைத்தால் அட்டாச் பிழை காட்டி நின்றுவிடும். இடையில் அட்டவணை முழுவதும் பூட்டப்படும் என்பதால், பில் போடும் நேரத்தில் இதைத் தொடாதீர்கள்.