சிவந்த தோல் படுக்கைப் புண்தானா?
வணக்கம். படுக்கையிலேயே இருக்கும் நோயாளியின் வால் எலும்புப் பகுதியில் தோல் கிழியாமல் சிவந்திருந்தால், அதைப் படுக்கைப் புண் என்று குறிப்பேட்டில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவ்விடத்தை விரலால் சில நொடிகள் மெதுவாக அழுத்தி, பிறகு விரலை எடுத்துப் பாருங்கள். வெளிறிய பின் மீண்டும் சிவந்தால் அங்கே இரத்த ஓட்டம் தடைபடவில்லை என்று கொள்ளலாம், வெளிறாமல் அப்படியே இருந்தால் அது முதல் நிலைப் படுக்கைப் புண்ணாக இருக்கக்கூடும். கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால், சுற்றுப்புறத் தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா, வலிக்கிறதா என்பதையும் கவனியுங்கள். இது படுக்கைப் புண்ணா, எந்த நிலை என்று தீர்மானிப்பது செவிலியரின் பொறுப்பு; நீங்கள் இடம், அளவு, நிறம், பார்த்த நேரம் ஆகியவற்றை மட்டும் எழுதி, உடனே அவரிடம் தெரிவியுங்கள். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள் (நல்லெண்ணத்தில் பலரும் செய்வதுதான்). தேய்த்தால் அடியிலுள்ள திசு மேலும் சிதையக்கூடும். அந்த இடத்தில் உடல் எடை விழாதவாறு நோயாளியைத் திருப்பிப் படுக்க வையுங்கள்.